வகுப்பே சேர்ந்து சொன்ன வாக்கியம்

ஆடி, செவ்வாய் இரவு.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் செங்கம் ரோட்டு விடுதியில் அறை சுத்தம் செய்யும் அம்சா, என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்றுதான் வாய் திறந்தாள். ஒரு விஷயம் எப்போதிலிருந்து நடக்கிறது என்று சொல்லும் பாடம். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டிருந்தேன். மலை சுற்றப் போன கணவரைக் கார்த்திகை தீபத்திலிருந்து காணவில்லை என்று தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தீபம்னா வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாதும்மா. நவம்பர்னு சொல்லு."

பலகையில் திருத்தி எழுதினேன். வழக்கம்போல வகுப்பே அதைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொன்னது. அவளும் சொன்னாள், எல்லோரையும்விடச் சத்தமாக.

"இப்ப கரெக்டா சொல்றேங்களா மேடம்?"

"ரொம்ப கரெக்ட்" என்றேன். அடுத்த ஆளை எழுந்து நிற்கச் சொன்னேன்.