காற்று புரட்டிய கார்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் வலி குறைந்ததா? மருந்து தடவுகிறாயா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் திட்டிவிடுவேன். அதனால், மாற்று சோலார் தகடுகளோடு அங்கே கிளம்பும் உங்கள் பேராசிரியரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சோலார் கார் பந்தயத்தில் காரை வேறு யாரோ ஓட்டுகிறார்கள், நீ பின்னால் வரும் வேனில் உட்கார்ந்து பேட்டரியைக் கவனிக்கிறாய் என்றுதான் என்னிடம் சொன்னாய். நேற்று கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி பிரேமைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கூட வேலை பார்ப்பவள் பந்தய நேரலையை போனில் காட்டினாள். உங்கள் கல்லூரி கார்தான் முன்னால் போகிறது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். எதிரே ஒரு பெரிய லாரி கடந்தது. அது கிளப்பிய காற்றில் கார் காகிதத்தட்டு மாதிரி எழும்பிப் புரண்டது. ஐயோ, யார் பெத்த பிள்ளையோ என்றேன். காரின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே இருந்தவரை வெளியே தூக்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அது நீ.

கையிலிருந்த பிரேம் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேனா, அதுவும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு இடி. நீதான் ஓட்டுகிறாய் என்று அப்பாவுக்கு முன்பே தெரியுமாம். "சொன்னா நீ விட்டிருப்பியா?" என்கிறார். அவரோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் வைக்கிறேன். அவரும் தொடாமல் எழுந்து போகிறார்.

இன்று உங்கள் குழுத் தலைவி கூப்பிட்டாள். காரைச் சரிசெய்துவிடுவார்களாம், டாக்டரும் சரி என்றுவிட்டாராம். "கடைசிக் கட்டத்தையும் நானே ஓட்டுறேன்னு நிக்கிறா ஆன்ட்டி. ஆனா நீங்க வேண்டாம்னா வண்டியத் தொட மாட்டாளாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு நேற்றைய விபத்தின் வீடியோவை முழுசாகப் பார்த்தேன். எல்லாரும் உன்னைப் பிடித்து உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். நீ தள்ளாடிக்கொண்டே போய், பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் கிட்ட வராதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுத்தான் தரையில் உட்காருகிறாய். எனக்கு உன்னை அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது.

ஓட்டு என்று எழுதக் கை வரவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை.

அப்பாவும் நானும் பஸ் ஏறுகிறோம். வழியில் அவரோடு பேசுவேனா, தெரியாது. பந்தயம் முடியும் இடத்தில் நிற்போம். லாரியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போ, கண்ணு. யார் முந்தினாலும் முந்தட்டும். நீ மெதுவாகவே வா.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா