தேடி வந்த நானூறு பேர்

புனே, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்குப் பிரிசில்லா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. எந்தச் சொல்லைத் தேடினால் எங்கள் ஷூ விற்கும் இணையதளம் கண்ணில் பட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதானே என் வேலை? ஊர்ப் பெருமையில் ‘ஆம்பூர் ஷூ கம்பெனி’ என்று போட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் நானூறு பேர் வந்தார்கள். ஒருவரும் ஷூ வாங்கவில்லை, எல்லாரும் வேலை கேட்டு எழுதியிருந்தார்கள். இதைச் சரிசெய்ய மேனேஜர் எனக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருக்கிறார். பயப்படாதீர்கள், சமாளித்துக்கொள்வேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

போனில் கேட்க வாய் வரவில்லை அப்பா. அந்த நானூறில் ஒன்று: “ஷூ கம்பெனில தோல் கட்டிங்ல இருபத்தாறு வருஷம். கம்பெனி மூடிட்டாங்க. இன்னா வேலைன்னாலும் செய்றேன்.” கீழே உங்கள் பெயர், உங்கள் நம்பர். தினமும் ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறீர்கள் என்று அம்மா சொல்கிறார்களே, எங்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மற்ற எல்லாருக்கும் ‘வேலை இல்லை’ என்று நான்தான் பதில் அனுப்பினேன். உங்களுக்கு அனுப்பக் கை வரவில்லை.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்
பிரிசில்லா