வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விலை

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் எழுதிவைக்கிறேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். போன் செய்தால் மச்சான்தான் எடுக்கிறார். "அவ தூங்குறா மாப்பிள்ளை" என்கிறார். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஆறு மணிக்கும் தூங்குகிறாய். மனுஷனுக்குப் பொய் சொல்லவே வரவில்லை, பாவம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வாடகைக் கார் கம்பெனியின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எட்டுக் கார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அங்கே போய் உள்ளும் புறமும் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு நிறுத்த வேண்டும். மேலே கூரை இருக்கிறது, குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. "ஒரு காருக்கு இவ்வளவுன்னு ஒரே விலையா சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் இறங்கிய பிறகுதான் வீட்டில் யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு என்று உறைத்தது.

எனக்கு விலை சொல்ல வராது, உனக்குத் தெரியாததா. பதினோரு வருஷமாகக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன். எல்லாப் பெட்டியிலும் யாரோ விலையை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். என் வாயால் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தைப் பார்த்து நின்றது லீவு நாளில் செய்யும் இந்தக் கார் கழுவும் வேலையில்தான். நீயோ மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து பழகியவள். நான் வாசலில் பேசிக்கொண்டிருப்பேன், நீ சமையலறை ஜன்னலில் நின்று ஐந்து விரலைக் காட்டுவாய். அதைப் பார்த்துக்கொண்டே நான் "முந்நூறு குடுங்க சார்" என்பேன். வந்தவர் போனதும், மீதி இரண்டு விரலை நான் என்ன செய்ய, குழம்பில் போடவா என்று கேட்பாய். அப்போதெல்லாம் சிரித்தோம்.

சின்னக் காருக்கு முந்நூறு, பெரிய காருக்கு நானூறு, தெரிந்தவர் என்றால் அதிலும் ஐம்பது குறைவு. இதுதான் என் விலைப்பட்டியல். கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அடுத்தவர் காருக்குள் தலையை விட்டு அழுக்கைப் பார்த்துவிட்டு விலை சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பது போல எனக்குக் கூசும். அந்த நாய் வளர்க்கும் டீச்சரின் கார் நினைவிருக்கிறதா? கைக்கு அடக்கமான கார். ரப்பர் கையுறையை நனைத்து சீட்டு முழுக்கத் தேய்த்துத் தேய்த்து முடி எடுத்து முடிக்க ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. சின்னக் கார்தானே என்று முந்நூறு வாங்கிக்கொண்டு வந்தேன். "காரோட நீளத்தை அளக்காதீங்க, அழுக்கை அளங்க" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஷாம்பூவுக்கு இவ்வளவு, பாலிஷுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நேரம் என்ன ஓசியா என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மாதானே கிடக்கப்போகிறேன் என்றேன். "சும்மா கிடக்கிறதுன்னா, என்கூட இருக்கிறதா?" என்றாய். நீ விளையாட்டாகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். மடையன்.

நீ போன பிறகு நீ சொன்னபடிதான் செய்கிறேன். கதவைத் திறந்து, மிதியடியைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். பல் டாக்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் ஊற்றித் துடைக்கிறதுக்கு இவ்வளவா என்றார். டீச்சர் மட்டும் அறுநூறை எடுத்து நீட்டிவிட்டு, "இத்தனை நாளும் குடுக்கும்போது எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார். அந்த அம்மா நம் வாசலில் நின்று அதைச் சொன்னபோது அனிச்சையாகச் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே விளக்குக்கூடப் போடவில்லை.

வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மாடி வீட்டு அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை குழம்பு கொடுத்தனுப்புகிறார். எதிரில் பார்த்தால் மட்டும் பேசுவதில்லை. அன்றைக்கு உன்னை டாக்ஸியில் ஏற்றிக் கூட்டிப்போனவர் அவர்தான். என்னிடம் பேச அவருக்கு மனசு வராததில் தப்பே இல்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. கட்டட காண்டிராக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பெரிய கார். கதவைத் திறக்காமலே முந்நூற்றைம்பது என்று சொல்லிவிட்டேன். திறந்தால், பின்சீட்டுக்கு அடியில் என்றைக்கோ கொட்டிய பால் கெட்டுக் கிடக்கிறது. சீட்டையே கழற்ற வேண்டியதாகிவிட்டது. நாலு மணிக்கு அவர் விமான நிலையம் போக வேண்டும், வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தூசி இழுக்கும் மெஷின் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். உன் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன்.

அது பொய். மூன்றாவது முறை நீ அழைத்தபோது மெஷின் ஓடவில்லை. போன் என் முன்னால்தான் இருந்தது. உன் பெயரைப் பார்த்தேன். கை இரண்டிலும் நுரை. சாப்பிட வரவில்லையா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எட்டு முறை அழைத்திருக்கிறாய்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ அழவில்லை, திட்டவில்லை. "எவ்வளவு குடுத்தாரு?" என்று மட்டும் கேட்டாய். நானும் ஒரு புத்தி கெட்டவன், முந்நூற்றைம்பது என்று பதில் சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிரசவச் செலவுக்குச் சேர்க்கிறேன் என்று சொல்லித்தானே இந்த வேலையையே ஆரம்பித்தேன்.

முன்னாடியே வந்திருந்தாலும் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியாது, ஐந்தாம் மாதத்தில் சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியாதுதான். ஆனால் உன் பக்கத்தில் இருந்திருக்கலாம். டாக்ஸியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மாடி வீட்டு அக்காவின் கை. அது என் கையாக இருந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

கம்பெனிக்காரருக்கு நான் என்ன சொல்லட்டும்? அந்த வேலை வந்தால் கிடங்கை விட்டுவிடலாம், வார நாளெல்லாம் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. சனி ஞாயிறைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று இன்னொரு மனசு சொல்கிறது. நீ ஒரு விலை சொன்னால் அதையே சொல்கிறேன், ஒரு காசு குறைக்கமாட்டேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். வியாழன் வரைக்கும் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வராவிட்டால், வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறி உன் அண்ணன் வாசலில் வந்து நிற்பேன். மச்சான் கோபப்பட்டால் படட்டும், நீ வெளியே வராவிட்டாலும் பரவாயில்லை. நம் பிள்ளைக்காக நான் இன்னும் அழவில்லை. உனக்கு முன்னால் அழ வெட்கப்பட்டேன், நீ போன பிறகு தனியாக அழ வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், அவ்வளவு போதும்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. உன் உடம்பு தேற வேண்டும், அது ஒன்றுதான் நான் இப்போது வேண்டிக்கொள்வது.

இன்னமும் உன்னுடையவன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்