சேற்றில் விரியும் விரல்

வால்பாறை,
12-7-61

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

முருகன் புண்ணியத்தில் நான் சுகம். இலஞ்சியில் நீயும் பாப்பாவும் சுகந்தானா? குற்றாலத்துச் சாரல் நம் வீடுவரை அடிக்கிறதா?

போன வாரம் நான் ஓட்டும் எஸ்டேட் பிக்கப் வண்டி சேற்றில் வழுக்கித் தேயிலைச் செடிமேல் சாய்ந்தது. எனக்கு ஒன்றுமில்லை. எழுத்து கோணலாயிருப்பது விரலில் போட்ட கட்டால்தான்.

புது டயர் வாங்கப் பொள்ளாச்சி போனோம். என்னோடு வந்த, எஸ்டேட் ஸ்டோர் பார்க்கும் சுடலையாண்டி அண்ணாச்சி, மேலே புடைத்திருக்கும் பட்டன்கள் நெருக்கமான டயரைக் காட்டி, "ஏலே, இதான் ரொம்ப நாள் உழைக்கும்" என்றார். வழுக்கியதும் அந்த மாதிரி டயர்தான். இடுக்கில் சேறு அப்பி மொழுக்கென்று ஆகிவிடுகிறது. நடவு வயலில் நீ கால்விரலை விரித்து நடப்பாயே, அது நினைவுக்கு வந்தது. பட்டன்கள் தள்ளித் தள்ளியிருந்த டயரை எடுத்து வைத்தேன்.

"ரோட்டுல சத்தம் போடும்லா?"

"போடட்டும் அண்ணாச்சி. மழையில பிள்ளைத்தாச்சிகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறவன் நான். சொல்லுதேன், இது இல்லன்னா வண்டிய எடுக்க மாட்டேன்."

வாங்கிவிட்டோம். நேற்றைய மழையில் வண்டி துளிகூட வழுக்கவில்லை.

பாப்பா நடக்கிறாளென்று எழுதியிருந்தாய். செருப்புக்கு அளவு வேண்டும். காகிதத்தில் அவள் காலை வைத்துக் கோடு போட்டு அனுப்பு. விரல்களைத் தனித்தனியாக வரை.

தபால் பையைக் கட்டுகிறார்கள்.

உன்
இசக்கியப்பன்