முங்காத முகம்

ஞாயிறு, இரவு

இன்று எங்கள் சபையின் முதல் ஞானஸ்நானம். திண்டிவனத்தில் வாடகை ஹாலில் சபை தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. ஏரி வற்றிக் கிடப்பதால் பெருமுக்கல் பக்கம் ஒரு பம்புசெட் தொட்டியில் வைத்துக்கொண்டோம்.

நான்கு பேர். கடைசியாக இறங்கியவர் செல்வியக்கா. தண்ணீரென்றாலே அவருக்குப் பயம். நான் சாய்த்ததும் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தோள் நனைந்தது, கூந்தல் நனைந்தது, முகம் மட்டும் முங்கவில்லை. அப்படியே தூக்கிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அல்லேலூயா என்றார்கள்.

சேலை மாற்றிக்கொண்டு வந்து அக்கா மெதுவாகக் கேட்டார்: "பாஸ்டர், மூஞ்சி முங்கலியே. இது செல்லுமாங்க?"

"செல்லும்க்கா" என்றேன்.

தலையில் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானம் அல்ல, முழுசாக முங்கி எழும் முழுக்குதான் என்று சண்டை போட்டுத்தான் பழைய சபையை விட்டு வந்தேன். அங்கே ஆயர் என் அப்பா. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அக்காவுக்கு நாளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். மாலையே அட்மிட் ஆகக் கிளம்பிவிட்டார். "முழுக்கு எடுத்துட்டேன் இல்ல, இனிமே பயமே இல்ல பாஸ்டர். ஜெபம் பண்ணிக்கினே உள்ள போறேன்" என்று சிரித்தபடி பஸ் ஏறினார்.

முழுக்கு யாரையும் இரட்சிக்காது என்று பிரசங்கம் பண்ணுகிறவன் நான். ஆனால் செல்லும் என்று நான் சொன்ன பொய்? போன் செய்து உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாமல் விட்டு, நாளை ஏதாவது ஆகிவிட்டால்...

அக்கா பிழைத்து வரவேண்டும் என்று முழங்காலில் நின்றேன். கேட்டது அவருக்காகவா, அந்த முகத்தை முக்க எனக்கு இன்னொரு தடவை கிடைக்கவேண்டும் என்பதற்காகவா, தெரியவில்லை.