டி பிரிவில் ஓர் இடம்

ரப்பர் சூடாகும் வாசனை. இன்று காலை, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் உன் ட்ரெய்னரை என் அறையில் விரித்து நிறுத்தினேன். சைக்கிளின் பின்சக்கரத்தை அதன் உருளையோடு ஒட்டிவைத்து, சும்மா கொஞ்சம் மிதித்துப் பார்த்தேன். டயர் உரசியதும் அந்த வாசனை கிளம்பியது. எர்ணாவூரில் உன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வரும் வாசனை. ஜன்னலைத் திறந்தேன். ராயபுரத்தின் மீன்வாடை உள்ளே வந்தது. அதனாலும் இதை மூடமுடியவில்லை. இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

உன் அக்காதான் இதைக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். ஆட்டோவில் ஏற்றியபோது அவர் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அந்த வேலை கடைசியில் என்னிடமே வந்திருக்கிறது. கீழ்வரம்பைத் திருத்தும் வேலை. எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே அது தேவைப்படுகிறது.

முதலில் நாம் ரோட்டில்தான் ஓட்டினோம். எண்ணூர் போகும் கடற்கரைச் சாலை, இடப்பக்கம் துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் ட்ரெய்லர்கள், வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை. நிற்கும் லாரிக்கும் ஓடும் லாரிக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் இருக்கும். அதில் நீ முன்னால் போவாய், நான் உன் பின்னால். ஒரு விடியற்காலையில் திரும்பி வரும்போது ஒரு ட்ரெய்லர் உன் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டது மட்டும்தான். நீ கருங்கல்லில் கிடந்தாய். ஓட்டியவன் நிறுத்தவில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நீயே கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவன், அவ்வளவு உயரத்திலிருந்து கீழே எது தெரியும் எது தெரியாது என்று உனக்குத் தெரியும். அதனால் அவனைத் திட்டக்கூட இல்லை.

அக்கா தன் மகள் தலையில் உன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். இனி ரோட்டில் ஓட்டமாட்டேன் என்று. அப்படித்தான் ட்ரெய்னர் உன் வீட்டுக்கு வந்தது. மூன்றாவது மாடி, ஒரே அறை, பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு சைக்கிள். முதல் நாள் நீ மிதிக்கத் தொடங்கியதும் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறி வந்தார். கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாப்பா, மாவு அரைக்கிறியோன்னு நெனச்சி அரிசி எடுத்துகினு வந்துட்டேன்."

கையில் உண்மையாகவே அரிசித் தூக்கு இருந்தது. நீ சிரித்ததில் காலே கழன்று வந்தது பெடலிலிருந்து. அதன்பிறகு அந்தக் கட்டடம் முழுக்க உனக்கு மாவு மிஷின் என்று பேர்.

நான் வேலை பார்ப்பது ட்ரெய்னர்களை இணையத்தில் இணைத்துப் பந்தயம் நடத்தும் நிறுவனத்தில். உலகத்தின் எந்தெந்த ஊரிலோ அவரவர் அறையில் நின்ற இடத்திலேயே மிதிப்பார்கள். திரையில், எங்குமே இல்லாத ஒரு தீவில், இல்லாத சாலையில் அவர்களின் உருவங்கள் ஓடும். மேடு வந்தால் பெடல் கனக்கும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு குறைந்ததாகக் கணக்கிட்டு மென்பொருள் பெடலை இலேசாக்கும். உன் அறையில் காற்றே கிடையாது. ஆனாலும் அந்த இல்லாத காற்றில் இன்னொருவன் பின்னால் ஒளிந்துகொள்ள உன்னைப்போல் யாரும் கற்றதில்லை. லாரிகளுக்கு நடுவில் பழகியவன். சீக்கிரமே, நான்கு பிரிவுகளில் மேலிருந்து இரண்டாவதான பி பிரிவுக்கு ஏறினாய்.

"ரோட்ல எல்லா லாரிக்கும் வழி வுட்டாச்சி மாமு. இங்க ஒருத்தனுக்கும் வுட மாட்டேன்."

அந்த நாட்களில் உன் குரலில் இருந்த தடிப்பு எனக்குப் பிடிக்கும்.

பிறகு நீ தோற்கத் தொடங்கினாய்.

முதலில் நடுவில் வந்தாய். பிறகு பின்னால். பிறகு கடைசி. மூச்சு பத்தவில்லை என்றாய். நம் பக்கத்தில் மூச்சு பத்தவில்லை என்பதை யார் நோயென்று சொல்வார்கள்? காலையில் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால் எல்லோரும் இருமுவோம். என் திரையில் உன் வரைபடம் இருந்தது, இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. டாக்டர்கள் ஒவ்வொரு பரிசோதனையாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் அந்தக் கோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது. அதை வாசிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் கோடு இறங்குவது நின்றது. அதுதான் கீழ்வரம்பு.

ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் ஏ முதல் டி வரை பிரிவுகள். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பலமுள்ள சிலர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார்கள். தோற்றுத் தோற்று டி பிரிவுக்கு இறங்குவார்கள். அங்கே புதிதாக வந்தவர்களையும் வயதானவர்களையும் தோற்கடித்து முதலிடம் எடுப்பார்கள். அதைத் தடுக்க ஒரு விதி. ஒருவர் எப்போதோ காட்டிய சிறந்த மிதிபலத்தை எடுக்கவேண்டும். அதை அவருடைய எடையால் வகுக்கவேண்டும். வரும் எண்ணுக்கு ஏற்றபடி, இவர் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு வரம்பு. எடையை அவரவரே எழுதவேண்டும். ஏறக்குறைய எல்லோருமே அதை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.

நீ வாரம் தவறாமல் எழுதினாய். யார்டு வழக்கம். பெட்டியின் எடை தெரியாமல் கொக்கியை மாட்டமாட்டாய். பந்தயத்துக்கு முன் எடை மிஷினில் ஏறி நின்று, அது காட்டியதை அப்படியே எழுதினாய். நீ இளைத்துக்கொண்டிருந்தாய். பழைய பலத்தைப் புதிய எடையால் வகுத்தது கணக்கு. எடை குறையக் குறைய உன் வரம்பு ஏறியது.

"இன்னா மாமு கணக்கு இது?" என்று கேட்டாய். "ஒடம்பு எளச்சிகினே போவுது, ரேட்டிங்கு ஏறிகினே கீது."

எடையைப் பழையபடி எழுதிவிடு என்றேன். யாரும் சரிபார்க்கப்போவதில்லை, வரம்பாவது ஏறாமல் நிற்கும் என்றேன். போனில் மறுத்தாய்.

"பொட்டி வெயிட்ட எவனாச்சும் மாத்தி எய்தினா, மேல குந்திகினு கீறவன் நானு. கிரேனே சாயும். என்னால அப்டி எய்த முடியாது மாமு. என்ன டி-ல போட்ரு. அவ்ளோதான் கேக்குறேன்."

டி-யில் என்ன இருக்கிறது என்றேன்.

"ஆளுங்க கீறாங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஞாயிறு மதியம் நேரில் பார்த்தேன். நோய்க்கு அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். நீ எனக்குச் சொல்லவில்லை. அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார், குரலைத் தாழ்த்தி, மருந்துக்கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. மெதுவாக மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்ன ஒரே வாக்கியத்தை நீ பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதாகவும் சொன்னார். "நீயாச்சும் சொல்லேம்பா. வூட்டுக்குள்ளயே ஓட்டிகினு ஓட்டிகினு இவன் எங்கதான் போறான்?"

உள்ளே நீ சைக்கிளில் இருந்தாய். சட்டை உன்மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. பந்தயம் தொடங்கியது. பி பிரிவுக்காரர்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே அவர்களின் முதுகு. இரண்டாவது வளைவில் அதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்தத் தீவில் நீ மட்டும்தான். பனைமரங்கள், ஒரு கலங்கரை விளக்கம், நீலமாகக் கடல். நம் கடல் என்றைக்கும் அந்த நிறத்தில் இருந்ததில்லை. யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாமல், இல்லாத காற்று முழுவதையும் நீ ஒருவனே வாங்கிக்கொண்டு மிதித்தாய். கட்டிலில் அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலைதூக்கி, "மாமா, யாருமே இல்லாத கேமா இது?" என்று கேட்டாள்.

பந்தயமில்லாமல் சும்மா சுற்றிவரும் கூட்டங்களும் உண்டே, அதில் போகலாமே என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்தாய்.

"அது வாக்கிங் போறவங்க பேசிகினு போறது. எனக்கு ரேஸு ஓணும். ஜெயிக்கத் தேவ இல்ல மாமு. நடுவுல கெடந்து ஓட்டணும். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். அவ்ளோதான்."

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் மேலாளரிடம் சொன்னேன். அவர் வேறு நாட்டில் இருப்பவர், மரியாதையான மனிதர். ஒருவருக்காக ஓர் எண்ணை மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். கேட்பவருக்கு உடல்நலம் சரியில்லை என்றேன். வருந்துகிறேன் என்றார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டு ரேட்டிங் முறையைத் திருத்தும்போது பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார். தனி ஒருவரின் எண்ணைத் தொட எனக்கு அனுமதி இல்லை. உன் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் உன் எண் தெரியும். பக்கத்தில் திருத்துவதற்கான பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்கும். அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு என்று உன்னிடம் சொன்னேன். சரி மாமு என்றாய்.

அதற்கப்புறம் நான்கைந்து பந்தயங்கள். எல்லாவற்றிலும் தனியாக. மழை தொடங்கியது. நீ சைக்கிளில் ஏறவில்லை.

உன்னைத் தூக்கிய அன்று தெருவில் தண்ணீர் நின்றது. யார்டிலிருந்து வந்தவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். முன்னால் பிடித்தவர், கனமே இல்லையேடா என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த இடத்தில், அந்த மேளத்துக்கு நடுவில், என் தலைக்குள் வகுத்தல் ஓடியது. எடை குறையக் குறைய எண் ஏறும். என்னால் அதை நிறுத்த முடியவில்லை.

இப்போது அந்த அடுத்த ஆண்டு. திருத்தும் வேலை என்னிடம். எடைப் பிழையை ஒரே காலையில் சரிசெய்தேன். எந்த நாளில் மிதித்தாரோ அந்த நாளின் எடையாலேயே வகுக்கவேண்டும். அவ்வளவு எளிது. பிறகு உன் பழைய பந்தயங்களை எடுத்துப் புதிய விதியில் ஓட்டிப் பார்த்தேன். வரம்பு ஏறவில்லை. ஆனால் நீ இறங்கவும் இல்லை. நல்ல நாட்களில் நீ காட்டிய பலம் உன்னை பி-யிலேயே பிடித்து வைத்திருந்தது.

வரம்பைத் தளர்த்தினேன். நீ சி-க்கு வந்தாய். இன்னும் தளர்த்தினேன். டி-க்கு வந்தாய், உன்னோடு தில்லுமுல்லுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். இறுக்கினேன். அவர்கள் மேலே போனார்கள், நீயும் போனாய். பழைய பலம் எத்தனை மாதம் செல்லும் என்று மாற்றிப் பார்த்தேன். இறங்கும் வேகத்தை மாற்றிப் பார்த்தேன். இதயத் துடிப்பைச் சேர்த்துப் பார்த்தேன், பாதிப் பேரிடம் அதை அளக்கும் மார்புப் பட்டையே இல்லை, உன்னிடமும் இல்லை. வாரக்கணக்கில் இதையே செய்தேன். முடியாமல் போகிறவனின் கோடும் முடியாததுபோல் நடிப்பவனின் கோடும் ஒரே கோடு. உன்னை மட்டும் கீழே இறக்கும் ஒரு விதியை என்னால் எழுத முடியவில்லை. நீ இருந்திருந்தால் இந்த ஆண்டும் பி-யில்தான் இருந்திருப்பாய்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். கணக்கால் முடியாது, கேட்பவர்களை மனிதர் யாராவது பார்த்து இறக்கிவிடட்டும் என்றேன். நல்ல வழி கிடைக்கும்வரை தற்காலிகமாக என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த மனிதர் நான்தான். பொத்தான் இப்போது சாம்பல் நிறத்தில் இல்லை.

வேண்டுகோள்கள் வருகின்றன. பிரசவம் என்று, விபத்து என்று, மருந்து என்று, வயது என்று. எந்த ஊரிலிருந்து யார் எழுதினாலும் எனக்கு அது உன் குரலில்தான் கேட்கிறது. சான்று கேட்கலாம் என்றார் மேலாளர். அந்த மாடிப்படியும் மார்போடு அணைத்த பையும் நினைவுக்கு வந்தன. கேட்கவில்லை. முதலில் வந்தவர்களில் ஒருவர் முழங்கால் அறுவை என்று எழுதியிருந்தார். இறக்கினேன். அந்த ஞாயிறு டி பிரிவில் அவர் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து வந்து ஜெயித்தார். முழங்காலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அவரை மறுபடி மேலே ஏற்றினார்கள். டி பிரிவுக்காரர்கள் என்னைத் திட்டி எழுதினார்கள். சரியாகத்தான் திட்டினார்கள், அவர்களின் பந்தயம் அது. எதை வைத்து நம்பினீர்கள் என்று மேலாளர் கேட்டார். இந்த வேலை எத்தனை நாள் என்னிடம் இருக்கும் என்று தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வேண்டுகோள் வந்தது. காரணம் எதுவும் இல்லை. முன்புபோல முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. அவருடைய வரைபடத்தைத் திறந்தேன். கோடு இறங்கிக்கொண்டிருந்தது. உன் கோடு மாதிரி. அந்த முழங்கால்காரரின் கோடு மாதிரியும்.

டி-யில் போட்டேன்.