பட்டனை விட்டால் நிற்குமா

2025 செப்டம்பர் 8, திங்கள்

ஜூஜுவாடியில் லாரி நெரிசல். இருபது நிமிடம் தாமதம். உள்ளே நுழையும்போதே முதலாளி ஹரீஷ்குமார் சார் முகம் சரியில்லை.

போர்டு மறுபடி உறைந்துவிட்டதாம். தகடு வெட்டும் பிரஸ்களுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் கன்ட்ரோல் போர்டு. அதன் கெர்னல், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து மெஷினை நடத்துகிற மூல நிரல், ஐந்து வருடம் முன்பு நான் எழுதியது. உறைந்தால் பச்சை விளக்கு நின்றுவிடும். ஏன் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

"பேஷண்ட் வாயே தெறக்கலேன்னா டாக்டர் என்ன பண்ணுவாரு, அருணா?" என்றார்.

கெர்னலுக்குள் ஒரு டிபக்கர் வைக்கிறேன் என்றேன். ஓடுகிற கெர்னலை அப்படியே நிறுத்தி உள்ளே பார்க்கலாம். பதினைந்து நாள் போதும் என்றும் சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள் நாள் கணக்கை?

செப்டம்பர் 11, வியாழன்

கெர்னலை நிறுத்தினால் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய பகுதியும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. தன் பல்லைத் தானே பிடுங்குகிற வேலை. டிபக்கருக்கென்று தனியாக ஒரு சின்னப் பேச்சு வழி எழுத வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நிறுத்திய ஒரு நொடியில் போர்டு தானே ரீஸ்டார்ட் ஆகிறது. வாட்ச்டாக் செய்கிற வேலை. கெர்னல் ஒரு நொடி பேச்சுமூச்சில்லாமல் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி கிளப்பும் காவல் சுற்று அது. கெர்னல் நின்றிருக்கும் நேரத்தில் டிபக்கரே அதனிடம் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்படி எழுதினேன். வாயடைத்தாயிற்று.

செப்டம்பர் 19, வெள்ளி

நின்றது! சொன்ன வரியில், சொன்னபடி. நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பழைய கோளாறைப் பிடித்துவிட்டேன். இரண்டு வேலைகள், நீ முதலில் போ, நீ முதலில் போ என்று ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றிருக்கின்றன. ஐந்து வருடப் பிழை, மூன்று வரியில் தீர்ந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

புது நிரலோடு போர்டுகள் போய்விட்டன. ஆயுத பூஜைக்கு முன் மாட்டியாக வேண்டும் என்று எல்லா ஃபேக்டரியும் நச்சரிப்பு.

"டிபக்கரை எடுத்துட்டுத்தானே அனுப்பறோம்?" என்று சார் கேட்டார். "ஆமா சார்" என்றேன்.

எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி முழுச் சோதனை, நான்கு நாள். போர்டின் முன்பக்கம் மூன்று கம்பிப் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்தால்தான் கெர்னல் நிற்கும். யார் அதைத் தொடப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. சரிதானே?

அக்டோபர் 1, புதன்

பூஜை. பொரி, கடலை, ஒரு கரண்டி சுண்டல்.

அக்டோபர் 3, வெள்ளி

கதவுக் கீல் செய்யும் ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசர் சின்னராஜ் போன் செய்தார். நாலாம் நம்பர் பிரஸ். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். ஓட்டும் பெண் கையை எடுத்த பிறகும் அது மறுபடி மறுபடி இறங்கியதாம். சிவப்பு பட்டனை அடித்து நிறுத்தியிருக்கிறாள்.

"கை?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல மேடம். அவ ஒரு பட்டன்ல டேப் ஒட்டிருப்பா. வேகமா ஓட்றதுக்கு இவங்க பண்ற வேலைதான். காண்ட்ராக்ட்காரன்கிட்ட சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க போர்டை மட்டும் ஒரு பார்வை பாருங்க."

அக்டோபர் 4, சனி

போனேன். பெட்டியைத் திறந்தேன்.

பூஜைக்கு மெஷினை எல்லாம் துடைத்து, கண்ணில் பட்ட இடமெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மோட்டாருக்கு, மீட்டருக்கு, என் போர்டுக்கு. நீட்டிக்கொண்டிருந்த மூன்று பின்கள் மேல் பெரிய பொட்டு. தகட்டுக்குத் தெளிக்கும் எண்ணெய்த் தண்ணீர் பட்டு ஊறிப் போயிருந்தது. ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து பின்கள் சேர்ந்துவிட்டன. கெர்னல் நின்றுவிட்டது.

ஆனால் பிரஸ் ஏன் நிற்கவில்லை? அங்கேயே நின்று யோசித்தேன். நான் நிறுத்தியது கெர்னலை மட்டும். பிரஸ்ஸை இறக்கும் காற்று வால்வு கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே, திறந்தே இருந்திருக்கிறது; அது திறந்திருக்கும்வரை பிரஸ் மறுபடி மறுபடி இறங்கும். வாட்ச்டாக் இருந்திருந்தால் ஒரு நொடியில் எல்லாம் அணைந்திருக்கும். அதன் வாயைக் கட்டியது யார்? நான்தானே.

கர்ச்சீப்பால் பொட்டைத் துடைத்தேன். "ஈரம்" என்றேன் சின்னராஜிடம். ஈரமாம். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாசலில் அந்தப் பெண். முனிலட்சுமி. அஞ்செட்டிப் பக்கத்து ஊர். இரண்டு பஸ் மாறி, நின்ற வேலையைக் கேட்க வந்திருக்கிறாள். "டேப்பு ஒட்டலீங்க மேடம். வெட்டின பீஸை எடுக்கலாம்னு கையை நீட்டுனேன், மறுபடி எறங்குச்சு. சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க." இவ்வளவு தூரம், என்று விரலால் காட்டினாள். நாலு விரற்கடை.

நான் தலையை ஆட்டிவிட்டு வண்டி எடுத்தேன். தூ.

அக்டோபர் 5, ஞாயிறு

சோறு வைத்தேன், சாப்பிடவில்லை. இன்னும் முப்பத்தோரு போர்டு வெளியே. எல்லாவற்றிலும் பொட்டு இருக்குமோ? எந்த ஊர், யார் கை? வேலை போகும். போனால் போகட்டும்னு சொல்லத் தைரியம் இல்லையே எனக்கு. நாளைக்குத் திங்கள். எல்லா பிரஸ்ஸும் ஏழு மணிக்கு ஓடும். ஐயோ, ஏழு மணிக்கு.

மாலை 5.10. சாருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், "ஆமா சார்" என்று பொய் சொன்னதையும். பிறகு, "லிஸ்ட் எடுங்க. நீங்க பாதி, நான் பாதி. இன்னைக்கே எல்லா பிரஸ்ஸையும் நிறுத்தச் சொல்லணும்" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

முப்பத்திரண்டும் நின்றன. ஒன்பதில் பின்கள் மேல் பொட்டு.

அக்டோபர் 9, வியாழன்

இனி என் நிரலை மோகனப்ரியா படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதுவும் வெளியே போகும். எனக்கு எட்டு வருடம் ஜூனியர். சார் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நியாயம்தான். வலிக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

புது நிரலில் டிபக்கர் கிடையாது. அந்தப் பின்களையும் வெட்டியாயிற்று. இரண்டு பட்டனும் இப்போது வால்வுக்கு நேராகவே போகின்றன. என் கெர்னல் செத்தாலும் கையை எடுத்தால் பிரஸ் நிற்கும்.

நவம்பர் 3, திங்கள்

நாலாம் நம்பருக்கு மாட்டினேன். டேப் இல்லை, தப்பு எங்களுடையது என்று சின்னராஜிடம் எழுதியே கொடுத்திருந்தோம். முனிலட்சுமியைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அவளிடமும் சொன்னேன், என்னால்தான் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, பிரஸ்ஸைப் பார்த்தாள்.

"பட்டனை விட்டா நிக்குமா?"

"நிக்கும்."

"நீங்க போட்டுக் காட்டுங்க."

உட்கார்ந்தேன். அழுத்தினேன், பாதியில் விட்டேன். நின்றது. "இன்னொருக்கா" என்றாள். பத்து தடவை. என் உள்ளங்கை ஈரம்.

"நாளைக்கும் வந்து போட்டுக் காட்டிட்டுப் போங்க" என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறே முக்கால். போட்டுக் காட்டினேன்.

நவம்பர் 5, புதன்

போட்டுக் காட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

போட்டுக் காட்டினேன்.

நவம்பர் 7, வெள்ளி

அத்திப்பள்ளியிலிருந்தே வண்டிகள் நகரவில்லை. ஏழு பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி எனக்காகக் காத்திருக்கவில்லை.